இந்த எதிரியை என் பார்ட்டி தாங்குமா? டிஎம்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை ரோல்பிளே ஆட்டங்களை டிஎம்மாக (கதையையும் எதிரிகளையும் கையாளும் டன்ஜன் மாஸ்டராக) நடத்த ஆரம்பித்த எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு பயம் வந்துவிடும். நாளைக்கு நான் இறக்கப்போகும் மான்ஸ்டர் பார்ட்டியை, அதாவது பிளேயர்களின் கேரக்டர்கள் எல்லோரையும் கொன்றுவிடுமா, அல்லது ஒரே ரவுண்டில் (ஆளுக்கு ஒரு டர்ன் வரும் சுற்று) செத்து என் மூன்று நாள் தயாரிப்பையும் வீணாக்கிவிடுமா? என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம், 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் எண்களையே எடுத்திருக்கிறேன். இன்னும் பல மேசைகளில் புழங்குவது அதுதான்.

சிஆர் என்றால் சரியாக என்ன?

ஒவ்வொரு மான்ஸ்டர் குறிப்பிலும் இருக்கும் சேலஞ்ச் ரேட்டிங் என்ற எண். காப்ளினுக்கு 1/4, ஓகருக்கு 2, ட்ரோலுக்கு 5, வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 17, டராஸ்குக்கு 30. நன்றாக ஓய்வெடுத்த, தேவையான ஆயுதம் கவசம் எல்லாம் வைத்திருக்கிற நான்கு பேர், தங்கள் லெவலுக்குச் சமமான சிஆர் உள்ள ஒரு மான்ஸ்டரை யாரும் சாகாமல் ஜெயிக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

இந்த வாக்கியத்தை மறுபடி ஒரு முறை படியுங்கள். நான்கு பேர். ஓய்வெடுத்தவர்கள். ஒரே மான்ஸ்டர். யாரும் சாகமாட்டார்கள் என்று சொல்கிறதே தவிர, யாரும் மயங்கி விழமாட்டார்கள் என்று சொல்லவில்லை. உங்கள் மேசையில் ஆறு பேர் இருந்தாலோ, மூன்று பேர் ஏற்கெனவே பாதி உயிரோடு இருந்தாலோ, அந்த எண் உங்கள் மேசையைப் பற்றிப் பேசவில்லை. சிஆர் மேல் வரும் கோபத்தில் பெரும்பகுதி இந்த நிபந்தனைகளைக் கவனிக்காததால் வருகிறது.

அந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள்?

இரண்டு பாதியாக. தற்காப்புக்கு ஒரு சிஆர்: எச்பி (தாங்கும் அடியின் அளவு) எவ்வளவு, ஏசி (அடி படப் பகடையில் எட்ட வேண்டிய எண்) எவ்வளவு. தாக்குதலுக்கு ஒரு சிஆர்: முதல் மூன்று ரவுண்டில் சராசரியாக எவ்வளவு அடி, அந்த அடி படுமா என்று உருட்டும் இருபது முகப் பகடையோடு சேரும் கூட்டல் எண் எவ்வளவு. இரண்டின் சராசரிதான் இறுதி எண்.

ஓகரை வைத்துப் பார்ப்போம். எச்பி 59. அட்டவணையில் 50 முதல் 70 வரை சிஆர் 1/2. அந்த வரிசை எதிர்பார்க்கும் ஏசி 13, ஓகருக்கு 11 மட்டுமே. இரண்டு குறைவதால் ஒரு படி இறக்கி 1/4. தாக்குதல் பக்கம், சராசரி அடி 13. அது சிஆர் 1 வரிசை. அங்கே எதிர்பார்ப்பு +3, ஓகருக்கு +6. அதனால் ஒரு படி ஏற்றி 2. இப்போது 1/4, 2 இரண்டுக்கும் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 1 வருகிறது. ஆனால் அச்சில் இருப்பது 2.

கணக்கு தப்பு என்பதற்காக இதைக் காட்டவில்லை. முதல் லெவல் ஆட்களை ஒரே அடியில் சாய்க்கும் ஒன்றுக்கு 2 போட்டதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் சிஆர் என்பது தராசில் வைத்து நிறுத்த எடை இல்லை, கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் கைப்பழக்கமும் சேர்ந்த மதிப்பீடு என்பது இதிலிருந்து தெரிகிறது. அதைவிட முக்கியம், சராசரி எடுக்கும்போது மான்ஸ்டரின் உருவமே மறைந்துவிடுகிறது. நிறைய எச்பி, மெதுவான அடி உள்ள ஒன்றும், காகிதம் போன்ற உடம்பும் இடி போன்ற அடியும் உள்ள இன்னொன்றும் ஒரே சிஆரில் வந்து நிற்கும். மேசையில் அவை இரண்டும் வேறு வேறு சண்டைகள்.

2014 கணக்கும் 2024 கணக்கும் வேறு விடை தருகின்றனவே, எதை நம்புவது?

2014-ல் ஒவ்வொரு லெவலுக்கும் ஈஸி, மீடியம், ஹார்ட், டெட்லி என்று நான்கு எல்லைகள். முதல் லெவலில் ஆளுக்கு 25, 50, 75, 100 எக்ஸ்பி (மான்ஸ்டரை ஜெயித்தால் கிடைக்கும் அனுபவப் புள்ளி). மான்ஸ்டர்களின் எக்ஸ்பியைக் கூட்டி, எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்க வேண்டும்: இரண்டு மான்ஸ்டர் என்றால் 1.5, மூன்று முதல் ஆறு வரை 2, ஏழு முதல் பத்து வரை 2.5, அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போகும். 2024-ல் வந்த புது விதிகளில் லோ, மாடரேட், ஹை என்று மூன்றே எல்லைகள். முதல் லெவலில் ஆளுக்கு 50, 75, 100. பெருக்கலை எடுத்துவிட்டார்கள்.

முதல் லெவல் ஆட்கள் நான்கு பேருக்கு எதிராக ஆறு காப்ளின்களை வையுங்கள். ஒன்றுக்கு 50, மொத்தம் 300. 2014 கணக்கில் இரண்டால் பெருக்கி 600. டெட்லி எல்லையே 400-தான். 2024 கணக்கில் 300 அப்படியே நிற்கும், அது சரியாக மாடரேட் எல்லை. ஒரே சண்டையை ஒன்று 'சாவு தாண்டி' என்கிறது, இன்னொன்று 'நடுத்தரம்' என்கிறது.

என் அனுபவத்தில் முதல் இரண்டு லெவலுக்கு 2014-ன் பயம்தான் நியாயமானது. ஐந்தாம் லெவலுக்கு மேல் போனபின், பெருக்கல் எதிரிகளை வேண்டாத அளவுக்குப் பெரிதாகக் காட்டுகிறது. அங்கே 2024 கணக்கு உண்மைக்கு நெருக்கம், போடவும் சுலபம்.

இரண்டும் டெட்லி என்று வந்தால், இரண்டும் ஒரே அளவு ஆபத்துதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

அதே நான்கு பேர். ஆளுக்கு 10 எச்பி, ஏசி 15, அடிக்க +5, அடி பட்டால் சராசரி 7. அவர்கள் முன்னால் ஒரே ஒரு ஓகர். எக்ஸ்பி 450, டெட்லி. ஏசி 11 என்பதால் நம் ஆட்கள் 6 அல்லது அதற்கு மேல் உருட்டினால் போதும், நூற்றுக்கு 75. நான்கு பேரும் சேர்ந்து ரவுண்டுக்கு 21 அடி. 59 எச்பி மூன்று ரவுண்டில் காலி. ஓகர் அதற்குள் திருப்பிக் கொடுப்பது: நூற்றுக்கு 60 வாய்ப்பு, அடி 13, ஆக ரவுண்டுக்கு 7.8. மூன்று ரவுண்டில் 23 அல்லது 24. பார்ட்டியின் மொத்தம் 40. சராசரியைப் பார்த்தால் வசதியான வெற்றி.

ஆனால் அந்த 7.8 யார் மேலும் 7.8 ஆக விழுவதில்லை. விழுந்தால் 13, இல்லாவிட்டால் 0. உங்கள் விஸார்டுக்கு (மந்திரவாதி கேரக்டருக்கு) 7 எச்பிதான் என்று வையுங்கள். அடி 14 அல்லது அதற்கு மேல் போனால், மிச்சமுள்ள அடி முழு எச்பியைத் தொட்டுவிடுவதால், மயக்கம் கிடையாது, நேராக மரணம். ஓகரின் 2d8+4 பகடையில் (எட்டு முகப் பகடை இரண்டு, அதோடு 4) 14 அல்லது மேலே வர வாய்ப்பு 64-ல் 28. அதாவது விஸார்ட் மேல் விழும் ஒவ்வொரு அடியிலும் நூற்றுக்கு 44, அந்த இடத்திலேயே சாவு. காப்பாற்ற ஒரு டர்ன்கூடக் கிடைக்காது.

இப்போது ஆறு காப்ளின். ஏசி 15, எச்பி 7. நம் ஆட்களுக்கு வாய்ப்பு 55. காப்ளின் ஒன்று ரவுண்டுக்குத் தருவது 2.75 மட்டும், கேட்கவே சின்னதாக இருக்கும். ஆறும் சேர்ந்தால் 16.5. பார்ட்டி முந்திக்கொண்டால் முதல் ரவுண்டிலேயே ஒன்றோ இரண்டோ விழுந்து, அடி குறைய ஆரம்பிக்கும். ஒருவர் இருவர் மயங்கினாலும் கை ஓங்கிவிடும். காப்ளின்கள் புதரிலிருந்து மறைந்து தாக்கினால் கதை வேறு. அவை ஒளிவதில் கெட்டிக்காரர்கள், +6. பார்ட்டி அசந்திருந்து முதல் ரவுண்டை இழந்து, அடுத்த ரவுண்டிலும் இனிஷியேடிவ் (யார் முதலில் என்ற வரிசை) காப்ளின்கள் பக்கம் போய்விட்டால், பார்ட்டி வாளை எடுப்பதற்குள் 33 அடி விழுந்திருக்கும். இருப்பதே 40.

ஓகர் சண்டையில் ஆபத்து ஒரு ஆளுக்கு, எப்போது வேண்டுமானாலும். காப்ளின் சண்டையில் ஆபத்து எல்லோருக்கும், ஆனால் யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டு நகர்ந்தால் உங்கள் பிளேயர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று உங்களுக்கே தெரியாது.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு பலம்?

ஒரு ரவுண்டில் எந்தப் பக்கம் அதிக முறை பகடை உருட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்கு இரண்டு லாபம். அடியும் அதிகம், தன் பக்கம் ஒருவர் விழுந்தாலும் இழப்பு கொஞ்சம்தான். பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1916-ல் நிஜப் போர்களைப் பற்றிச் சொன்னதும் இதுவே: தூரத்திலிருந்து யாரும் யாரையும் குறிவைக்க முடிகிற சண்டையில், ஒரு படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும். சம பலமுள்ள ஆறு பேரும் நான்கு பேரும் மோதினால், அது 6-க்கு 4 அல்ல, 36-க்கு 16.

இதற்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது. 'யாரும் யாரையும் குறிவைக்க முடிகிற' என்ற நிபந்தனையை உடையுங்கள். ஐந்தடி அகலச் சுரங்கப் பாதையில் அதே ஆறு காப்ளின்களும் வரிசையாக வந்தால், ஒரு நேரத்தில் கைக்கு எட்டுவது ஒன்று இரண்டுதான். கதவு, பாலம், படிக்கட்டு எல்லாமே எண்ணிக்கையின் பல்லைப் பிடுங்கும்.

என் பாஸ் மான்ஸ்டர் இரண்டு ரவுண்டில் செத்துவிட்டது. என்ன தப்பு?

நான்கு டர்னுக்கு எதிராக ஒரு டர்ன். அதுதான் தப்பு. மேலே காப்ளின்கள் பார்ட்டிக்குச் செய்ததை இப்போது பார்ட்டி உங்கள் பாஸுக்குச் செய்திருக்கிறது. தூங்கவைக்கும் அல்லது கட்டிப்போடும் ஒரே ஒரு ஸ்பெல்லில் (மந்திரத்தில்) சேவ், அதாவது பாதிப்பைத் தவிர்க்கும் உருட்டல், தவறிவிட்டால் எதிர்ப்பக்கம் முழுவதும் படுத்துவிடும்.

பெரிய டிராகன்களுக்கு, மற்றவர் டர்ன் முடியும்போது செய்யும் லெஜண்டரி ஆக்‌ஷன் மூன்றும், தோற்ற சேவை வெற்றியாக்கிக்கொள்ளும் வசதி நாளுக்கு மூன்று முறையும் கொடுத்திருப்பது இதற்காகத்தான். நீங்கள் சொந்தமாக உருவாக்கும் பாஸுக்கும் அதைச் சின்ன அளவில் கொடுக்கலாம். எச்பியை மட்டும் இரட்டிப்பாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. சண்டை நீளுமே தவிரக் கூர்மையாகாது. நான் முதலில் செய்வது, பாஸோடு நான்கைந்து எளிய அடியாட்களை நிறுத்துவது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு இதை அழகாகச் செய்தது. 1 எச்பி மட்டும் உள்ள மினியன், இரண்டு பேருக்குச் சமமான எலைட், ஐந்து பேருக்குச் சமமான சோலோ என்று எதிரிகளைப் பிரித்திருந்தது. அந்தப் பதிப்பை விளையாடாதவர்களும் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

சிஆரை நம்பி மோசம்போக வைக்கும் மான்ஸ்டர்கள் எவை?

எச்பியைத் தொடாமல் கொல்பவை எல்லாமே. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஷேடோ. சிஆர் 1/2, எச்பி 16. அடித்தால் ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை எண்) 1 முதல் 4 வரை குறையும், பூஜ்யமானால் சாவு. விஸார்டுகள் பெரும்பாலும் ஸ்ட்ரெங்தை 8-ல் விட்டிருப்பார்கள். மோசமான உருட்டல் இரண்டு விழுந்தால் முடிந்தது. என் மேசையில் ஒரு கேரக்டரை முதன்முதலில் பறிகொடுத்தது ஷேடோவிடம்தான். எச்பி முக்கால்வாசி அப்படியே இருந்தது. அந்தப் பிளேயர் தன் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு ஷேடோ வருவதற்கு முன், நிறம் வடிந்து உலர்ந்துபோன ஒரு உடலைக் காட்டாமல் நான் அதை இறக்குவதில்லை.

பான்ஷீ. சிஆர் 4. நாளுக்கு ஒரு முறை ஒரு அலறல். 30 அடிக்குள் இருப்பவர்கள் 13-க்குச் சேவ் செய்யாவிட்டால் எச்பி நேராக 0. ஆளுக்கு +2 இருக்கும் நான்கு பேர் என்றால் தவற வாய்ப்பு பாதிக்குப் பாதி. நால்வரும் ஒன்றாக விழ 16-ல் 1. மூன்று பேராவது விழ 16-ல் 5, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு முறை. ஒரே ஒரு உருட்டலில்.

ஓநாய் மனிதன். சிஆர் 3. 2014 விதிப்படி, மாயமும் வெள்ளியும் இல்லாத ஆயுதம் அதை ஒன்றும் செய்யாது. மாய வாள் வைத்திருக்கும் பார்ட்டிக்கு அது சாதாரண எதிரி. இல்லாத பார்ட்டியில் வாள்காரரும் வில்காரரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ட்ரோலும் இதே வகை: ஒவ்வொரு டர்னிலும் 10 எச்பி திரும்ப வரும், தீயோ அமிலமோ பட்டால் மட்டும் வராது. இவற்றின் கடினம் மான்ஸ்டரிடம் இல்லை, உங்கள் பிளேயர்களின் பையில் இருக்கிறது.

மனித எதிரிகளை, பிளேயர் கேரக்டர் மாதிரியே லெவல் போட்டு உருவாக்கலாமா?

செய்யாதீர்கள். பிளேயர் கேரக்டர் என்பது ஒரு நாள் முழுக்கப் பல சண்டைகளில் சக்தியைப் பங்கிட்டுச் செலவழிக்கும் ஆள். எதிரி வாழ்வதே மூன்று ரவுண்டு. கையில் இருக்கும் அத்தனையையும் அந்த மூன்று ரவுண்டிலேயே கொட்டிவிடுவான். அடி அளவுக்கு மேல், உடம்போ மெலிவு. முந்தினவன் ஜெயித்தான் என்ற சண்டையாகிவிடும்.

அச்சிட்ட என்பிசிகளை (டிஎம் நடத்தும் கேரக்டர்களை) பாருங்கள். பேண்டிட் கேப்டன், சிஆர் 2, எச்பி 65. ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கே எச்பி 44 பக்கம்தான். கேப்டனின் அடி சுமார், ஆனால் நின்று தாங்குவான். நல்ல எதிரிக்கு வேண்டியது அது. வெட்டரன் சிஆர் 3, எச்பி 58, ஏசி 17. அவரை எடுத்துப் பெயரையும் ஆயுதத்தையும் மாற்றினால் படைத் தலைவர், கோயில் காவலர், கூலிக் கொலைகாரர் யாரும் கிடைப்பார்கள்.

அச்சிட்டதிலும் மந்திரவாதிகளிடம் எச்சரிக்கை வேண்டும். மேஜ், சிஆர் 6, எச்பி 40. ஐந்தாம் லெவலில் நான்கு பேருக்கு 2300 எக்ஸ்பி என்பது மீடியம்தான். அவர் முந்தி, பார்ட்டி ஒரே இடத்தில் குவிந்து நின்றால், கோன் ஆஃப் கோல்ட் என்ற உறைபனி ஸ்பெல்லின் சராசரி அடி 36. விஸார்டும் ரோகும் (திருடர் கேரக்டர்) படுத்துவிடலாம். பார்ட்டி முந்தினால் 40 எச்பி ஒரு ரவுண்டுகூட நிற்காது. இவரை இறக்குவதாக இருந்தால் பார்ட்டியிலிருந்து அறுபது அடி தள்ளி, முன்னால் இரண்டு காவலர்களோடு நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒரு ரவுண்டாவது யோசிக்க நேரம் கிடைக்கும்.

டெட்லி சண்டைகளையே வைக்கிறேன், பிளேயர்கள் ஊதித் தள்ளுகிறார்கள். ஏன்?

ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? 2014 விதிகள் எதிர்பார்ப்பது, ஒரு லாங் ரெஸ்டுக்கும் (சக்தியை மீட்கும் முழு ஓய்வு) அடுத்ததற்கும் நடுவில் மீடியம், ஹார்ட் அளவில் ஆறு முதல் எட்டுச் சண்டைகள். வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம் கூடும் வீட்டு மேசையில் அது நடக்கிற காரியமா? ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஐந்தாம் லெவல் விஸார்டிடம் ஒன்பது ஸ்பெல் ஸ்லாட் (ஒரு ஸ்பெல்லுக்கு ஒன்று செலவாகும்). மூன்று ரவுண்டுச் சண்டை ஒன்றே ஒன்று என்றால், மூன்று முறையும் பெரிய ஸ்பெல்லையே எடுப்பார். அவர் செய்வது சரிதான்.

2000-ல் மூன்றாம் பதிப்பு சிஆரை முதலில் கொண்டுவந்தபோதும் இதே எண்ணம்தான். சமமான சண்டை என்றால், பார்ட்டியின் வளத்தில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகும் சண்டை என்று அது சொன்னது. அந்த அளவில் 'சமம்' என்ற சொல்லுக்கு, தோற்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்ற பொருள் கிடையாது. இன்றும் பலர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

இதற்கு நான் செய்வது, ஒரே பெரிய சண்டையை அலைகளாகப் பிரிப்பது. முதலில் நான்கு பேர், மூன்றாம் ரவுண்டில் முரசு கேட்டு இன்னும் மூன்று பேர், தேவைப்பட்டால் ஐந்தாம் ரவுண்டில் தலைவர். பிளேயர்கள் எதைச் சேமிப்பது என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். எனக்கும் ஒரு வசதி: பார்ட்டி தடுமாறினால், மூன்றாம் அலை வர நேரமாகிவிடும்.

மூன்று பேர் அல்லது ஆறு பேர் உள்ள பார்ட்டிக்கு?

எக்ஸ்பி எல்லை ஆள் எண்ணிக்கையோடு தானாக மாறிவிடும். மூன்று பேர் இருக்கும் மேசையில் ஒற்றைப் பெரிய எதிரி மிக ஆபத்து, ஒருவர் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆறு பேர் இருக்கும் மேசையில் ஒற்றை எதிரி நிற்கவே மாட்டார். எப்போதும் கூட்டமாக இறக்குங்கள்.

பலவீனமான எதிரிகள் தந்திரமாக விளையாடினால் கடினம் எவ்வளவு ஏறும்?

எந்த அட்டவணையும் பிடிக்க முடியாத அளவுக்கு. 1987-ல் டிராகன் இதழில் அதன் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய ஒரு தலையங்கம் இன்றும் டிஎம்களிடையே பேசப்படுகிறது. டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்தில், ஆட்டத்திலேயே மிக அற்பமான கோபோல்டுகள், பெரிய லெவல் ஆட்களைத் தீயும் பொறியும் குறுகிய சுரங்கமுமாக ஓட ஓட விரட்டிய கதை அது. 'டக்கரின் கோபோல்டுகள்' என்பது அதற்குப் பிறகு ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

நான் இதை அப்படியே செய்யச் சொல்லவில்லை. எதிரி தன் இடத்தில், தயாராக, முதல் அடியைத் தானே கொடுத்தால் அந்தச் சண்டையை ஒரு படி மேலாகக் கணக்கிடுங்கள். மீடியம் என்று வந்தால் ஹார்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். பார்ட்டிக்கு அதே வசதி கிடைத்தால் ஒரு படி கீழே. நிலத்தைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்.

சிஆர் வருவதற்கு முன் எப்படிச் சமாளித்தார்கள்?

1974-ல் வந்த முதல் டி அண்ட் டியில் இருந்தது ஹிட் டைஸ், அதாவது எச்பிக்கு உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை. அதோடு, நிலவறையின் ஆழத்துக்கு ஒரு மான்ஸ்டர் அட்டவணை. கீழே போகப் போக ஆபத்தும் புதையலும் கூடும். எவ்வளவு கடினம் வேண்டும் என்பதைப் பிளேயர்களே படியில் இறங்கித் தீர்மானித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. 1975-ல் கென் செயிண்ட் ஆண்ட்ரே உருவாக்கிய டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் ஆட்டத்தில் மான்ஸ்டருக்கு ஒரே ஒரு எண்தான். அது உருட்டும் பகடையும் தாங்கும் அடியும் அதிலிருந்தே வரும்.

1981-ன் பேசிக் பதிப்பில் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் 2 முதல் 12 வரை மொரால் (மன உறுதி) எண் உண்டு. தங்கள் பக்கம் முதல் ஆள் செத்ததும் ஒரு முறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு முறை இரண்டு பகடை உருட்ட வேண்டும். மொராலைத் தாண்டினால் ஓடிவிடுவார்கள், அல்லது சரணடைவார்கள். ஐந்தாம் பதிப்பு ஆட்டத்திலும் இதை நான் விடாமல் பயன்படுத்துகிறேன். ஆறு காப்ளின் சண்டை பாதியிலேயே முடிந்துவிடும், பிடிபட்ட காப்ளினிடம் பேசலாம், கதை நகரும்.

வேறு ஆட்டங்களில் இந்தக் கணக்கு இன்னும் நன்றாக இருக்கிறதா?

பாத்ஃபைண்டரின் 2019 பதிப்பில் இருக்கிறது. நான்கு பேருக்கு எதிரிகளின் எக்ஸ்பி 60 என்றால் லோ, 80 மாடரேட், 120 சிவியர், 160 எக்ஸ்ட்ரீம். பார்ட்டியின் லெவலே உள்ள ஒரு எதிரிக்கு 40, இரண்டு லெவல் கூடினால் 80, நான்கு கூடினால் 160. அது சொல்வது பெரும்பாலும் நடக்கும். காரணம், அந்த ஆட்டத்தில் லெவல் எல்லா எண்ணிலும் சேர்கிறது, இலக்கை 10-ஆல் தாண்டினால் கிரிட்டிகல் (இரட்டிப்பு அடி). லெவல் வித்தியாசம் பகடையிலேயே தெரிந்துவிடும். ஐந்தாம் பதிப்பில் எண்களை வேண்டுமென்றே தாழ்வாக வைத்ததால், பத்துக் காப்ளின்கள் எந்த லெவலிலும் கொஞ்சமாவது கடிக்கும். அதில் ஒரு அழகு உண்டு, ஆனால் கணிப்பது கடினம்.

1981-ல் வந்த கால் ஆஃப் கத்துலு என்ற திகில் ஆட்டம் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. அங்கே ஜெயிப்பது என்றால் உயிரோடு, முடிந்தவரை புத்தி கலங்காமல் வீடு திரும்புவது.

சண்டை நடுவில் கணக்குத் தப்பு என்று தெரிந்தால், பகடையை மறைத்து மாற்றலாமா?

நான் மாற்றுவதில்லை. பிளேயர்கள் ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள், அன்றிலிருந்து அவர்கள் ஜெயித்த எதுவும் அவர்களுடையதாக இருக்காது. ஆனால் மாற்றக்கூடியவை நிறைய உண்டு. ஓகரின் எச்பி 59 என்பது சராசரி. பகடையில் அது 7d10+21, அதாவது 28 முதல் 91 வரை. சண்டைக்கு முன்பே அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது விதிப்படி சரி. சண்டை நடுவில் என்றால், எதிரிக்கு என்ன வேண்டும் என்பதை யோசியுங்கள். விழுந்தவரைக் கொல்வதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடிப் பணயம் கேட்பது கொள்ளைக்காரருக்கு லாபம். பசித்த ஓநாய் ஒரே ஒருவரை இழுத்துப்போகப் பார்க்கும்.

ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று எண்கள். பார்ட்டி முழுதும் சேர்ந்து எதிரிகளை எத்தனை ரவுண்டில் முடிக்கும். எதிரிகள் ஒரு ரவுண்டில் தரும் மொத்த அடி, பார்ட்டியின் மொத்த எச்பியில் எத்தனை பங்கு. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கைவையுங்கள். கடைசியாக, மிகப் பெரிய ஒற்றை அடி, உங்கள் மெலிந்த கேரக்டரின் எச்பியில் இரு மடங்கைத் தொடுகிறதா. தொட்டால் நேரடி மரணம் சாத்தியம், அது உங்களுக்குச் சம்மதமா என்று முடிவெடுத்துவிட்டு மேசைக்குப் போங்கள். அப்புறம் மான்ஸ்டர் குறிப்பின் கீழ்ப்பகுதியை ஒரு முறை படியுங்கள். ஷேடோவின் விஷயம் மாதிரி ஏதாவது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எவ்வளவு எச்சரித்தாலும் என் பிளேயர்கள் ஓடவே மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

அவர்களைக் குறை சொல்லாதீர்கள், விதியைப் பாருங்கள். மனிதனின் வேகம் 30 அடி. ஓகருக்கு 40, ஓநாய்க்கு 40, வளர்ந்த டிராகன் பறந்தால் 80. டர்ன் டர்னாக ஓடினால் முதுகில் அடி வாங்கிக்கொண்டே சாக வேண்டியதுதான். நின்று அடிப்பது புத்திசாலித்தனமான முடிவு. ஆழம் பார்த்துக் காலை விடச் சொல்கிறோம், ஆனால் விட்ட காலை எடுக்க வழி வைப்பதில்லை.

என் மேசையில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. பார்ட்டி முழுவதும் ஒரே குரலில் 'ஓடுகிறோம்' என்று சொன்னால் இனிஷியேடிவ் அந்த நொடியே நின்றுவிடும். ஆளுக்கு ஒரு உருட்டல், ஒரு பொருளையோ ஒரு வாய்ப்பையோ இழப்பார்கள், உயிரோடு வெளியே வருவார்கள். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர்கள் முதன்முதலில் தப்பியோடப்போகும் எதிரியாக ஜாம்பிக் கூட்டத்தைக் கொண்டுவருகிறேன், பன்னிரண்டு பதினைந்து என்று. ஜாம்பியின் வேகம் 20 அடி.